தலைவர் கைதானா சங்கமும் கைதாகணுமா?

(நெல் கொள்முதல் கோரிக்கைகளுக்காக நடக்க இருக்கும் காத்திருப்புப் போராட்டத்தின் தயாரிப்புக் கூட்டத்தில், கிளைச் சங்கத்தின் சார்பில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக அச்சிட்டுத் தருகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.)

உழவர் பெருங்குடி மக்களே! நடவு வயல்ல இருந்து நேரா வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! இளைஞர்களே! 

நம்ம நிலைமையை நமக்கே விளக்கிச் சொல்ல வேண்டியதில்லே. குறுவை அறுத்தாச்சு. நெல்லு கொள்முதல் நிலைய வாசல்ல குவிஞ்சு கிடக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க முடியாதுங்கிறாங்க. காய வைக்கக் களம் இல்லே, வெயிலும் இல்லே. ரோட்டுல கொட்டிக் காய வெச்சு 17-க்குக் கொண்டு வந்தா, அன்னிக்குச் சாக்கு இல்லே. சாக்கு வந்த அன்னிக்கு லாரி இல்லே. லாரி வந்த அன்னிக்கு மழை. மறுபடியும் ஈரம்! ராத்திரியெல்லாம் தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நெல்லுக்குக் காவல் இருக்கோம். அந்தப் பக்கம் தாளடிக்கு விட்ட நாத்து முத்திப் போகுது.

அதனால காத்திருப்புப் போராட்டம்னு முடிவு எடுத்திருக்கோம். கோரிக்கை என்னன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னிக்குப் பேச வேண்டியது நம்ம சங்கத்தைப் பத்தி. போராட்டத்தை ஆரம்பிக்க ஒரு நாள் போதும். நாலாம் நாள் என்ன ஆகும்? பத்தாம் நாள் பந்தல்ல யார் இருப்பாங்க? நெருக்கடி வரும்போது சங்கம் உடையாம நிக்கிறது எப்படி? இதுக்குப் பதில் தெரியாம பந்தக்கால் நடக்கூடாது.

நம்ம கதையை முதல்ல பேசுவோம்

சில வருஷத்துக்கு முன்னாடி இதே பிரச்சினைக்காக மறியல் பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? முதல் நாள் ரோடு கொள்ளாத கூட்டம். சாயங்காலம் நம்ம கிளைச் செயலாளரையும் இன்னும் நாலு பேரையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. மறுநாள் காலையில பாதிக் கூட்டம். அடுத்து என்ன செய்யறதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலே. எந்த அதிகாரிகிட்ட என்ன பேசியிருக்குன்னு செயலாளருக்கு மட்டும்தான் தெரியும். வக்கீல் நம்பர் அவர் போன்ல. போன் போலீஸ்கிட்ட. சந்தா நோட்டு அவர் வீட்டு பீரோவுல. சாவி அவர் இடுப்புல.

மூணாம் நாள், நடவு ஆள் கிடைச்சுதுன்னு பத்துப் பேர் கிளம்பினாங்க. அவங்களைத் தப்புச் சொல்ல முடியுமா? நாத்து நமக்காகக் காத்திருக்குமா? நாலாம் நாள் ஒரு வதந்தி. மேலத்தெருக்காரங்க தனியாப் பேசி அவங்க நெல்லை மட்டும் எடுக்க வெச்சிட்டாங்களாம்! நிஜமா பொய்யான்னு விசாரிக்கக்கூட ஆள் இல்லே. கீழத்தெரு கோபமா எழுந்து போச்சு. மேலத்தெரு அவமானப்பட்டு எழுந்து போச்சு. அஞ்சாம் நாள் பந்தல் காலி. முளை விட்ட நெல்லை வந்த விலைக்கு வியாபாரி தலையில கட்டினோம்.

செயலாளர் ஜாமீன்ல வெளியே வந்தப்போ மாலையோட போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “நெல்லை எடுத்தாங்களா?” யாரும் தலை நிமிரலே.

வெளியில கேட்டவங்ககிட்ட, போலீஸ் ஒடுக்கிடுச்சுன்னு சொன்னோம். ஒடுக்கினது நிஜம். ஆனா நமக்குள்ள பேசும்போது முழு நிஜத்தையும் பேசணும். ஒரு சங்கத்தையே ஒரு மனுசன் தோள்மேல ஏத்தி வெச்சிருந்தோம். அவரைத் தூக்கினதும் சங்கம் கீழே விழுந்துடுச்சு. விழுந்ததுக்குக் காரணம் நாமதான்.

380 நாள் நின்னவங்க

இப்போ டெல்லி எல்லைக்குப் போவோம். மத்திய அரசு 2020 ஜூன்ல, கொரோனா நேரத்துல, மூணு வேளாண் சட்டங்களை அவசரச் சட்டமாக் கொண்டு வந்துச்சு. செப்டம்பர்ல பார்லிமென்ட்ல நிறைவேத்தினாங்க. மண்டிக்கு வெளியே தனியார் கொள்முதல், ஒப்பந்த சாகுபடி, இருப்பு வைக்கிறதுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்துறது, இதான் அந்த மூணு. இது விவசாயிக்கு நல்லதுன்னு அரசாங்கம் சொல்லிச்சு. மண்டியும் ஆதார விலையும் கொஞ்சம் கொஞ்சமா ஒழிஞ்சு போகும்னு பஞ்சாப், அரியானா விவசாயிகள் சொன்னாங்க. நவம்பர் 26-ஆம் தேதி டெல்லிக்குக் கிளம்பினாங்க. வழியில ரோட்டை வெட்டிப் பள்ளம் போட்டாங்க. தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாங்க. கண்ணீர்ப்புகை போட்டாங்க. எல்லாத்தையும் தாண்டி சிங்கு, டிக்ரி எல்லைகள்ல போய் உட்கார்ந்தாங்க. உத்தரப்பிரதேச விவசாயிகள் காஜிப்பூர்ல உட்கார்ந்தாங்க. 2021 டிசம்பர் 11-ல தான் எழுந்து ஊருக்குக் கிளம்பினாங்க. ஒரு வருஷமும் பதினஞ்சு நாளும், மொத்தம் 380 நாள்!

நடுவுல எலும்பை உறைய வைக்கிற குளிர். அப்புறம் கொளுத்துற வெயில். கொரோனா ரெண்டாம் அலை. 11 சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தும் முடிவு இல்லே. 700 பேருக்கு மேல செத்துப் போனாங்கன்னு அந்தச் சங்கங்கள் கணக்குச் சொல்லுது. இத்தனைக்கும் அவங்களுக்கும் வயல்ல கோதுமை இருந்துச்சு. வீட்டுல மாடு இருந்துச்சு, கடன் இருந்துச்சு, கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைங்க இருந்தாங்க.

“அவங்களுக்கு டிராக்டர் இருக்கு, நிலம் அதிகம். நமக்கு ரெண்டு ஏக்கர் குத்தகை. நம்மால ஆகுமா?”ன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. அவங்க காசைப் பார்த்துப் படிக்கச் சொல்லலே. அவங்க ஏற்பாட்டைப் பார்த்துப் படிப்போம். அந்த ஏற்பாட்டுல நிறைய நமக்குத் தெரிஞ்சதுதான்.

முறை வெச்சாங்க, நிலைச்சாங்க

வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா நாம என்ன பண்றோம்? முறை வெக்கிறோம். இன்னிக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். முறை வெக்காத வாய்க்கால்ல மேல்மடைக்காரன் வயல் ரொம்பும், கடைமடைக்காரன் வயல் காயும், நடுவுல வெட்டுக்குத்து நடக்கும். டெல்லியில அவங்க முறை வெச்சது தண்ணிக்கு இல்லே, ஆளுக்கு.

பதிண்டா மாவட்டத்துல விர்க் குர்த்னு ஒரு கிராமம். 2021 ஜனவரி கடைசியில அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டுச்சு. வீட்டுக்கு ஒருத்தர் ஒரு வாரத்துக்காவது எல்லைக்குப் போகணும், போகாத வீட்டுக்கு 1,500 ரூபாய் அபராதம். காஜிப்பூர் பக்கம் ராகேஷ் திகாயத் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு ஊருக்கு ஒரு டிராக்டர், 15 பேர், 10 நாள். பத்து நாள் முடிஞ்சா அவங்க ஊருக்கு, அடுத்த 15 பேர் பந்தலுக்கு.

ஏப்ரல்ல கோதுமை அறுப்பு வந்துச்சு. பந்தல்ல கூட்டம் குறைஞ்சுச்சு. அதைப் பார்த்து, போராட்டம் பிசுபிசுத்துப் போச்சுன்னு சிலர் எழுதினாங்க. ஆனா ஊர்ல இருந்தவங்க, எல்லையில இருந்தவங்க வயலையும் சேர்த்து அறுத்தாங்க. அறுப்பு முடிஞ்சதும் மறுபடி ஆள் வந்துச்சு. கூட்டம் ஏறும், இறங்கும். இறங்குற நாளுக்கும் முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சிருந்தா யாரும் பயப்பட வேண்டாம். நாம போன தடவை எல்லாரையும் எல்லா நாளும் வரச் சொன்னோம். அதனாலதான் மூணாம் நாளே யாரும் இல்லாமப் போச்சு.

அபராதம் போடுற யோசனை நமக்கு வேண்டாம். நம்ம ஊர்ல அபராதம்னா கூலிக்காரன் வயித்துல அடிக்கிறதாத்தான் முடியும். முறையை மட்டும் எடுத்துக்குவோம்.

ஒரு தலை இருந்தா வெட்டிடலாம்

பஞ்சாப்ல மட்டும் 32 சங்கங்கள் சேர்ந்திருந்துச்சு. மத்த மாநிலச் சங்கங்களையும் சேர்த்து சம்யுக்த கிசான் மோர்ச்சான்னு ஒரு கூட்டு முன்னணி அமைச்சாங்க. அதுல இடதுசாரி உண்டு, கட்சி சாராதவங்க உண்டு, பல வருஷமா ஒருத்தரை ஒருத்தர் மேடையில திட்டிக்கிட்டவங்களும் உண்டு. எல்லாரையும் ஒரே சங்கமா ஆக்க அவங்க முயற்சி பண்ணலே. அவங்கவங்க கொடி அவங்கவங்களுக்கு. கோரிக்கையும் முடிவும் மட்டும் பொது. அரசியல் கட்சித் தலைவர்களுக்கு மேடை கிடையாதுன்னும் வெச்சிருந்தாங்க.

பேச்சுவார்த்தைக்கு அரசாங்கம் கூப்பிட்டப்போ ஒருத்தர் ரெண்டு பேர் போகலே. நாப்பது பேர் போனாங்க. 2020 டிசம்பர் 3-ஆம் தேதி விஞ்ஞான் பவன்ல மத்தியானச் சாப்பாடு நேரம் வந்துச்சு. அரசாங்கச் சாப்பாடு வேண்டாம்னு சொல்லி, தாங்க கொண்டு வந்த லங்கர் சாப்பாட்டையே சாப்பிட்டாங்க. லங்கர்னா குருத்வாராவுல எல்லாருக்கும் போடுற பொதுச் சாப்பாடு. பந்தல்ல இருந்தவங்க அதைக் கேட்டு என்ன நினைச்சிருப்பாங்க? உள்ளே போன நம்ம ஆளு நம்ம ஆளாவே இருக்கான்னு நம்பிக்கை வந்திருக்கும். அந்த நம்பிக்கைதான் சங்கத்தோட சொத்து.

நாப்பது பேருக்கும் எல்லா விவரமும் தெரியும். அதனால ஒருத்தரைப் பிடிச்சு உள்ளே வெச்சாலும் வேலை நிக்காது. ஒருத்தர் விலை போனாலும் முடிவு மாறாது. நாமளே நாத்தங்கால்ல நடவுக்கு வேண்டிய அளவு மட்டுமா விதை விடுறோம்? அழுகினா, வெள்ளம் வந்தா, வழி விட்டுப் போனா நடறதுக்குன்னு கொஞ்சம் கூடுதலாத்தானே விடுறோம்? பயிருக்கு வெக்கிற அந்த முன்யோசனை, சங்கத்துக்கு மட்டும் ஏன் இல்லாமப் போச்சு?

இன்னொண்ணு. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்னிக்கு எல்லை மேடைகளைப் பெண்களே நடத்தினாங்க. பெண்களை வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு வெளியில இருந்து யோசனை சொன்னவங்களுக்கு அதுதான் பதில். நம்ம ஊருக்கு வருவோம். நாத்துப் பறிக்கிறது பெண்கள். நடறது பெண்கள். களை எடுக்கிறது பெண்கள். சந்தா நோட்டைத் திறந்து பாருங்க, எத்தனை பெண்கள் பேர் இருக்கு? போன தடவை மூணாம் நாள் ஆண்கள் சோர்ந்து போனப்போ, சமையல் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டு இருந்த பெண்கள்தான் “ஏன் எழுந்திரிக்கிறீங்க?”ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல நம்மகிட்ட ஒரு கூட்டம்கூட இல்லே.

சோறு, கணக்கு, சேதி

ஊர் ஊரா கோதுமை மாவு, பால், காய்கறி, விறகு எல்லைக்குப் போச்சு. வந்தவங்க எல்லாருக்கும் சாப்பாடு. காவலுக்கு நின்ன போலீஸ்காரங்களும் அங்கே சாப்பிட்டாங்க. பசி வந்தா பந்தல் கலையும்னு அவங்களுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். நூறு நாள் வேலையை விட்டுட்டு, கூலியை விட்டுட்டு வந்து உட்கார்ற ஆளுக்கு, சாயங்காலம் வீட்டுல உலை வைக்க அரிசி இருக்கணும். இதைப் பேசாம ஒற்றுமையைப் பத்திப் பேசினா அது வெறும் மைக் சத்தம்.

அடுத்தது சேதி. அங்கேயும் வதந்தி உண்டு. வெளிநாட்டுக் காசுன்னாங்க, தீவிரவாதின்னாங்க, இடைத்தரகர்னு சொன்னாங்க. அதுக்குப் பதிலா 2020 டிசம்பர் 18-ஆம் தேதி ‘டிராலி டைம்ஸ்’னு ஒரு சின்னப் பத்திரிகையைப் பந்தல்லயே ஆரம்பிச்சாங்க. பஞ்சாபியிலயும் இந்தியிலயும் அச்சடிச்சாங்க. ஒரு எல்லையில நடக்கிறது இன்னொரு எல்லைக்குத் தெரியணும்னுதான் அந்த ஏற்பாடு. நமக்குப் பத்திரிகை வேண்டாம். டீக்கடைப் பக்கத்துல ஒரு கரும்பலகையும் ஒரு சாக்பீசும் போதும். போன தடவை அந்தப் பலகை இருந்திருந்தா மேலத்தெருவும் கீழத்தெருவும் பிரிஞ்சிருக்காது.

தப்பு நடந்த அன்னிக்கு என்ன செஞ்சாங்க?

இதைக் கவனமாக் கேளுங்க. சங்கத்தோட பலம் கூட்டம் கூடுற நாள்ல தெரியாது. தப்பு நடந்த மறுநாள்தான் தெரியும்.

2021 ஜனவரி 26 குடியரசு தினம். டிராக்டர் பேரணிக்கு வழி பேசி முடிவாகியிருந்துச்சு. ஒரு பகுதிக் கூட்டம் வழி மாறி டெல்லிக்குள்ள போச்சு. செங்கோட்டையில ஏறினாங்க. மோதல் நடந்துச்சு. ஒரு விவசாயி செத்துப் போனார், போலீஸ்காரங்க நிறையப் பேருக்குக் காயம். ரெண்டு மாசம் சேர்த்து வெச்ச நல்ல பேரு ஒரே நாள்ல ஆட்டம் கண்டுச்சு. மறுநாள் ரெண்டு சங்கங்கள் போராட்டத்தை விட்டு விலகிச்சு. காஜிப்பூர்ல கரண்ட்டை நிறுத்தினாங்க. 28-ஆம் தேதி ராத்திரி பந்தலைக் காலி பண்ணச் சொல்லிப் போலீஸ் குவிஞ்சுச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு டிவியில சொல்லியாச்சு.

அந்த ராத்திரி ராகேஷ் திகாயத் கேமரா முன்னாடி கண் கலங்கிப் பேசினார். எழுந்து போக மாட்டேன்னார். அதைப் பார்த்துட்டு மேற்கு உத்தரப்பிரதேச ஊர்கள்ல இருந்து விடியறதுக்குள்ள ஜனம் கிளம்பி வந்துச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா கண்ணீர் மட்டும் போராட்டத்தைக் காப்பாத்தலே. அந்த ஜனத்தைக் கிளப்பினது ஊர்ல ஏற்கெனவே இருந்த சங்கமும் பஞ்சாயத்தும். கண்ணீரைப் பார்த்து அழுதுட்டு, டிவியை நிறுத்திட்டுப் படுக்காம, டிராக்டரை எடுக்கச் சொல்றதுக்கு ஊருக்கு ஊர் ஆள் இருந்தாங்க.

கூட்டு முன்னணி என்ன செஞ்சுச்சு? செங்கோட்டையில நடந்ததை நியாயப்படுத்தலே. பிப்ரவரி 1-ல பார்லிமென்ட்டுக்கு நடக்க இருந்த பேரணியைத் தள்ளி வெச்சுச்சு. ஜனவரி 30, காந்தி நினைவு நாள்ல உண்ணாவிரதம் இருந்தாங்க. பேசி முடிச்ச வழியை விட்டு விலகிப் போனதா ரெண்டு சங்கத் தலைவர்களை இடைநீக்கம் பண்ணி விசாரிச்சாங்க. அடிபட்ட கோபத்துல இன்னொரு படி மேலே ஏறியிருக்கலாம். ஒரு படி இறங்கினாங்க. இறங்கி, மூச்சு வாங்கி, ஊர் ஊரா மகாபஞ்சாயத்துக் கூட்டி, முன்னைவிட அகலமா நின்னாங்க. பின்வாங்கத் தெரியாத சங்கம் புயல்ல நிக்கிற தென்னை மாதிரி. ஒரு அளவுக்கு மேல காத்து அடிச்சா வேரோட சாஞ்சுடும். வயல்ல நிக்கிற நாணல் சாஞ்சு கொடுத்து மறுபடி நிமிரும்.

வடிவம் மாறலாம், கோரிக்கை மாறக்கூடாது

குளிர்காலத்துல டிராலியே வீடு. வெயில் வந்ததும் மூங்கிலும் கூரையும் போட்டுக் குடிசை. பார்லிமென்ட் மழைக்கால கூட்டம் வந்தப்போ லட்சம் பேரைக் கூட்டி மறுபடி மோதலுக்குப் போகலே. 2021 ஜூலை 22-ல இருந்து தினம் 200 பேர், அடையாள அட்டையோட, ஜந்தர் மந்தர்ல ‘விவசாயிகள் பார்லிமென்ட்’ நடத்தினாங்க. ரெண்டு நாள் அதைப் பெண்களே நடத்தினாங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி டெல்லிக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்ன அதே ஊர்ல, பார்லிமென்ட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்து வேளாண் சட்டத்தை வரிக்கு வரி பேசினாங்க.

2021 நவம்பர் 19-ல சட்டங்களைத் திரும்பப் பெறுறதா பிரதமர் அறிவிச்சார். பட்டாசு வெடிச்சாங்க, ஆனா பந்தலைப் பிரிக்கலே. 29-ஆம் தேதி பார்லிமென்ட்ல ரத்து ஆச்சு. அப்பவும் பிரிக்கலே. மத்த கோரிக்கைகளுக்கு எழுத்துல உறுதி வந்த பிறகுதான், டிசம்பர் 9-ல போராட்டத்தை “நிறுத்தி வைக்கிறோம்”னு சொன்னாங்க. “முடிச்சுட்டோம்”னு சொல்லலே. வாய் வார்த்தையை நம்பி எத்தனை தடவை நாம பந்தலைப் பிரிச்சிருக்கோம்னு எண்ணிப் பாருங்க.

ஜெயிச்ச பிறகு வர்ற ஆபத்து

முழு உண்மையையும் சொல்லணும். ஆதார விலைக்குச் சட்ட உத்தரவாதம்ங்கிற பெரிய கோரிக்கை, அவங்க ஊர் திரும்பினப்போ கைக்கு வரலே. திரும்பின கொஞ்ச நாள்லயே சில பஞ்சாப் சங்கங்கள் கட்சி மாதிரிச் சேர்ந்து 2022 சட்டமன்றத் தேர்தல்ல நின்னாங்க. ஒரு தொகுதிகூடக் கிடைக்கலே. உள்ளுக்குள்ள கசப்புதான் மிச்சம். 2024 பிப்ரவரியில அதே ஆதார விலைக் கோரிக்கைக்காக ஒரு பிரிவு மறுபடி டெல்லிக்குக் கிளம்பிச்சு. இந்தத் தடவை எல்லாச் சங்கமும் ஒண்ணா இல்லே. ஷம்பு, கனௌரி எல்லையிலயே நிறுத்திட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல வைராக்கியமா உட்கார்ந்திருந்தாங்க. 2025 மார்ச் 19-ல பந்தலை அப்புறப்படுத்திட்டாங்க. தியாகத்துல குறை இல்லே. கூட்டுல குறை.

இது வடநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. நம்ம போர்செட் மோட்டார் ஓடுதே, அந்த இலவசக் கரண்ட்டு யார் போட்ட பிச்சையும் இல்லே. 1970-ல கரண்ட்டு யூனிட்டுக்குச் சில காசு ஏத்தினாங்கன்னு கோவை மாவட்டத்துல நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிகள் எழுந்தாங்க. ஜூன் 19-ஆம் தேதி பெருமாநல்லூர்ல துப்பாக்கிச்சூடு, 3 பேர் பலி. 1972-ல மறுபடி போராட்டம். ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளைக் கொண்டு போய்க் கோவை நகரத்தையே மறிச்சாங்க. ஜூலை 5-ஆம் தேதி மட்டும் 15 பேர் குண்டுக்குப் பலி. அந்தத் தேதியைத்தான் இன்னிக்கும் உழவர் தினமா அனுசரிக்கிறோம். அவ்வளவு அடிக்கும் சங்கம் சாகலே. கோவையில ஆரம்பிச்சது மாநிலம் பூரா பரவிச்சு. 1980-களின் தொடக்கத்துல கட்சி ஆரம்பிச்சுத் தேர்தல் பக்கம் போனப்போதான் பலம் சிதறிச்சு. 1984 டிசம்பர் 21-ல நாயுடு கோவில்பட்டியில காலமானார். அதுக்கு அப்புறம் சங்கம் பல துண்டாப் போச்சு. எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் 1990 வாக்குல வந்தப்போ அதைப் பார்க்க அவர் இல்லே.

துப்பாக்கி உடைக்காத சங்கத்தை நாற்காலியும் “நான் பெரியவனா நீ பெரியவனா”வும் உடைச்சுச்சு. வெளி நெருக்கடியைத் தாங்குறதுக்கு வேண்டியது தைரியம். உள் நெருக்கடியைத் தாங்குறதுக்கு வேண்டியது ஏற்பாடு. தைரியத்துக்கு நம்ம ஊர்ல எப்பவும் பஞ்சம் வந்ததில்லே.

நம்ம பந்தலுக்கு நம்ம ஏற்பாடு

அதனால சங்கத்தின் சார்பில் இந்தத் தீர்மானங்களை உங்க முன்னாடி வெக்கிறோம். கை தூக்கி ஒத்துக்கிட்டா மட்டும்தான் பந்தல்.

ஒண்ணு: முறை. ஊரை அஞ்சு குழுவாப் பிரிக்கிறோம். எல்லாத் தெருவும் எல்லாக் குழுவுலயும் கலந்து இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு குழுதான் பந்தல்ல. அன்னிக்கு அவங்க வயல் நடவையும் மாட்டையும் மத்த குழு பார்த்துக்கும். கூலிக்குப் போறவங்க முறை நாள்ல வந்தா மூணு வேளைச் சாப்பாட்டோட, வீட்டுக்கு அரிசியும் சங்கம் கொடுக்கும்.

ரெண்டு: ஒவ்வொரு பொறுப்புக்கும் மூணு பேர். செயலாளர், பொருளாளர், சமையல், காவல் எல்லாத்துக்கும் முதல் ஆள் இல்லேன்னா ரெண்டாவது, ரெண்டாவது இல்லேன்னா மூணாவது. மூணு பேர்ல ஒருத்தர் கட்டாயம் பெண். வக்கீல், அதிகாரி, பத்திரிகைக்காரங்க நம்பர் எல்லாம் பேப்பர்ல எழுதி மூணு வீட்டுல இருக்கணும்.

மூணு: கணக்கு. அன்னாட வரவு செலவை அன்னிக்குச் சாயங்காலமே பந்தல்ல வாசிக்கணும். கரும்பலகையிலயும் எழுதணும். அஞ்சு ரூபா கொடுத்தவரும் எழுந்து கேள்வி கேட்கலாம்.

நாலு: நெல்லு வரிசை. இதுதான் போன தடவை நம்மை உடைச்ச இடம். யார் நெல்லு முதல்ல, யார் நெல்லு அடுத்துங்கிற வரிசையை இன்னிக்கே இந்தக் கூட்டத்துல எழுதிடுவோம். சின்னக் குவியல் முதல்ல, பெரிய குவியல் கடைசியில. அடங்கல் கிடைக்காம அலையிற குத்தகைதாரர் நெல்லையும் எடுக்கணும்ங்கிறது நம்ம பொதுக் கோரிக்கை. அதை விட்டுக் கொடுத்து யாரும் தனியாப் பேசக்கூடாது.

அஞ்சு: பேச்சுவார்த்தை. அஞ்சு பேருக்குக் குறைஞ்சு போகக்கூடாது. அதுல ஒரு பெண், ஒரு குத்தகைதாரர், காலனித் தெருவுல இருந்து ஒருத்தர் இருந்தாகணும். போன காலோட பந்தலுக்கு வந்து பேசினதை அப்படியே சொல்லணும். எழுத்துல வராத உறுதியை ஏத்துக்கக்கூடாது.

ஆறு: வதந்தி. கேட்டவர் அடுத்தவர் காதுல ஓதாம பலகைக்குப் பொறுப்பான ஆள்கிட்ட வந்து சொல்லணும். அன்னிக்கே விசாரிச்சு உண்மையை எழுதுவோம்.

ஏழு: கல் கிடையாது, கண்ணாடி உடைக்கிறது கிடையாது. மீறி ஏதாவது நடந்தா மறைக்க மாட்டோம். அன்னிக்கே ஒத்துக்கிட்டு, ஒரு படி இறங்கி, கூடிப் பேசி, அடுத்த அடி வெப்போம்.

எட்டு: நெல்லை எடுத்த பிறகும் மாசம் ஒரு கூட்டம். பிரச்சினை வந்தாத்தான் சங்கம்னா, ஆறு உடைஞ்ச பிறகு மண்மூட்டை தேடுற கதைதான். கோடையிலயே கரையைப் பார்க்கணும்.

தாய்மார்களே, பெரியோர்களே! நம்ம பழைய செயலாளர் அதோ கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கார். மேடைக்குக் கூப்பிட்டோம், வர மாட்டேன்னுட்டார். இந்தத் தடவை ரெண்டாவது ஆள், மூணாவது ஆளைத் தயார் பண்றதுதான் என் வேலைன்னு சொல்லிட்டார். நாளைக்கு யாரை வேன்ல ஏத்திக்கிட்டுப் போவாங்கன்னு நமக்குத் தெரியாது. யாரை ஏத்தினாலும், அவர் திரும்பி வந்து “நெல்லை எடுத்தாங்களா?”ன்னு கேட்கும்போது, தலை நிமிர்ந்து பதில் சொல்ற சங்கமா இருப்போம்.

கை தூக்குங்க!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!
விளைஞ்ச நெல்லை மணி குறையாமக் கொள்முதல் செய்!
குத்தகை விவசாயி நெல்லையும் தடையில்லாம எடு!
ஒருத்தரைத் தூக்கினா ஊரே நிக்கும்!